அப்பாவும் சைக்கிள் செயினும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரல மக்களே. ஆபீஸ்ல ஆணி அதிகம், வீட்ல அதைவிட அதிகம். போன ஞாயித்துக்கிழமை சைக்கிளுக்குச் செயின் மாத்திட்டு, கை பூரா கருப்பு மையோட பால்கனியில உக்காந்திருந்தேன். இதை எழுதியே ஆகணும்னு அப்பத்தான் தோணிச்சு. செயினைப் பத்தி எழுத என்ன இருக்குன்னு கேக்காதீங்க. நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன், கை உடையற வரைக்கும்.

கதை 2020ல ஆரம்பிக்குது. பெங்களூர் வந்து பதினாறு வருஷம் பொட்டி தட்டினதுக்குக் கிடைச்ச பரிசா, சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கொரோனா நேரம், ஜிம் எல்லாம் மூடியாச்சு. ஊரே சைக்கிள் வாங்கக் கிளம்பினதால கடைகள்ல சரக்கு இல்ல. ஒன்றரை மாசம் காத்திருந்து 27 கியர் வச்ச மவுண்டன் பைக் ஒண்ணு வாங்கினேன். விலையைக் கேட்ட தங்கமணி, "இந்தக் காசுக்கு எங்க ஊர்ல கன்னுக்குட்டியோட பசுமாடு வாங்கிடலாம்"னு சொன்னதோட சரி, ரெண்டு நாள் பேசல.

எங்க வீடு கனகபுரா ரோடு பக்கம். அப்போ மெட்ரோ வேலை நடந்துட்டிருந்த நேரம். சில்க் இன்ஸ்டிட்யூட் வரைக்கும் ரயில் ஓட ஆரம்பிச்சது 2021 ஜனவரியிலதான். அதுவரைக்கும் ரோட்டுல சிமெண்ட் தூசி. சனி ஞாயிறு துரஹள்ளி பக்கம் போனா செம்மண் தூசி. மழை பெஞ்சா அதே செம்மண் குழம்பாகி சக்கரத்துல அப்பிக்கும். ஏழெட்டு மாசத்துல சைக்கிள் 'கரக் கரக்'னு சத்தம் போட ஆரம்பிச்சுது. மிதிச்சா அம்மிக்கல்லுல மிளகா அரைக்கிற மாதிரி இருக்கும்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். எங்க ஊர் கோவில்பட்டி. அப்பா அங்க ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டர். 1978ல வாங்கின ஹெர்குலிஸ் சைக்கிள்ல வேலைக்குப் போய் வேலைக்குப் போய் ரிட்டயரும் ஆயிட்டார். செயினையே முழுசா மூடுற பெரிய கவர் போட்ட கருப்பு சைக்கிள், உங்கள்ல பல பேர் வீட்ல இருந்திருக்கும். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அதுக்குக் குளியல். கவரைக் கழட்டி, செயின் லாக்கை எடுத்து, செயினை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல மண்ணெண்ணெய் ஊத்தி ஊறப் போடுவார். பாட்டிலைக் குலுக்கற வேலை என்னோடது. ஊறினதும் துடைச்சு, காய வச்சு, எண்ணெய் விட்டுத் திரும்ப மாட்டுவார். அந்த லாக்குல மீன் மாதிரி ஒரு கிளிப் இருக்கும். "மீன் தலை முன்னால போகணும்லே. வாலு முன்னால போனா எதுலயாவது இடிச்சுக் கழண்டுரும்"னு ஒவ்வொரு மாசமும் சொல்லுவார். கிளிப்போட மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பாத்து இருக்கணும், அவ்வளவுதான் விஷயம். ஆனா எனக்கு அது மந்திரம் மாதிரி மனசுல பதிஞ்சு போச்சு.

இப்போ 2021 மே மாசத்துக்கு வருவோம். ரெண்டாவது அலை. இங்க லாக்டவுன், சைக்கிள் கடை எதுவும் கிடையாது. அப்பாகிட்ட போன்ல பேசினா பேச்சு எப்பவும் ரெண்டு நிமிஷம்தான். "சாப்பிட்டியா, புள்ளைங்க நல்லாருக்கா, இந்தா அம்மாகிட்ட பேசு." அன்னிக்கு ஏதோ நினைப்புல, "சைக்கிள் செயின் ரொம்ப சத்தம் போடுதுப்பா"ன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான், மனுஷன் நிமிந்து உக்காந்துட்டார்.

"கழட்டி மண்ணெண்ணெயில போடுலே."

"லாக்கே இல்லப்பா இதுல."

"லாக் இல்லாட்டி என்ன? ஒரு பின்னைத் தட்டி வெளிய எடு. ஊறினதும் அதே பின்னைத் தட்டி உள்ள ஏத்து. நான் எத்தனை தடவை பண்ணியிருக்கேன்."

மண்ணெண்ணெய்க்கு பெங்களூர்ல எங்க போக? டீசல் வாங்கி வச்சேன். வாட்ஸ்அப் வீடியோவில அம்மா போனைப் பிடிக்க, அப்பா அங்க இருந்து சொல்ல, நான் இங்க பால்கனியில ஒரு ஆணியையும் சுத்தியலையும் வச்சுக்கிட்டுத் தட்டினேன். "மெதுவா, மெதுவா. பட்டையில அடிக்காத, பின்னுல அடி." முக்கால் மணி நேரம். காலேஜ் முடிச்சு வீட்டை விட்டுக் கிளம்பினதுக்கப்புறம் அப்பா என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினது அன்னிக்குத்தான். செயின் சுத்தமாகி சைக்கிள் சத்தமில்லாம ஓடிச்சு. ராத்திரி அம்மா போன் பண்ணி, "உங்கப்பா தெருவுல பாக்குற ஆளுங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காரு"ன்னு சொன்னாங்க.

ஆகஸ்ட்ல ஒரு காலை. வஜ்ரஹள்ளி பக்கம் ஒரு மேடு. சீட்டை விட்டு எழுந்து நின்னு ஒரு மிதி மிதிச்சேன், 'டப்'னு ஒரு சத்தம். கால் காத்துல போச்சு, முழங்கால் ஹேண்டில்ல மோதிச்சு, இடது கையை ஊனி ரோட்டுல விழுந்தேன். பின்னாடி வந்த பால் வண்டிக்காரர் பிரேக் போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. வண்டி நின்னது என் காலுக்கு ஒரு முழம் தள்ளி. மணிக்கட்டுல எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஊருக்குச் சொல்றப்போ "மழையில வழுக்கிட்டுதுப்பா"ன்னு சொல்லிட்டேன். தங்கமணிகிட்டயும் அப்படியே சொல்லச் சொன்னேன். அறுந்த செயினை ஒரு கேரி பேக்ல சுத்தி, பால்கனி அலமாரிக்குப் பின்னாடி தள்ளிட்டேன்.

அந்த டிசம்பர்ல அப்பாவும் அம்மாவும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல வந்து இறங்கினாங்க. அப்பாவுக்கு ஒரு வீட்டுக்குள்ள சும்மா உக்கார வராது. ரெண்டாவது நாள் ஃபேன் சத்தம் நின்னுடுச்சு, மூணாவது நாள் பாத்ரூம் குழாய் ஒழுகறது நின்னுடுச்சு. நாலாவது நாள் நான் ஆபீஸ் காலை முடிச்சிட்டு வெளிய வந்தா, பால்கனியில பேப்பரை விரிச்சு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, அந்தச் செயினைக் கையில வச்சிருக்கார்.

"இது நாம தட்டின பின்னுதானே?"

நான் பதில் சொல்லல. அறுந்த இடத்துல வெளிப்பட்டை பின்னை விட்டுக் கழண்டு, ஒரு பக்கமா வளைஞ்சு நின்னுது. பட்டையில இருந்த ஓட்டை ஒரு பக்கம் பிதுங்கி அகலமாயிருந்துச்சு. மத்த பின்னுங்க தலையெல்லாம் ஒரே மாதிரி அமுங்கியிருக்க, அந்த ஒண்ணுல மட்டும் ஆணி அடிச்ச தழும்பு. நாப்பது வருஷம் மெஷினைப் பாத்த ஆளுக்கு வேற சாட்சி வேணுமா?

"செயின் ஏற்கனவே தேஞ்சு போயிருந்துதுப்பா. எப்படியும் போயிருக்கும்"னு சமாளிச்சேன்.

அவர் உள்ள போய்ப் பையில இருந்து ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலை எடுத்துட்டு வந்தார். மில்லுல வேலை பாத்தப்போ சட்டைப் பையில சொருகிக்கிட்டுப் போன அதே ஸ்கேல். செயினை நேரா இழுத்து வச்சு, ஒரு பின்னோட ஓரத்துல ஸ்கேல் முனையை வச்சு, 24 கண்ணி எண்ணினார். புதுச் செயின்னா ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் சரியா அரை அங்குலம், அதனால 24 கண்ணி 12 அங்குலத்துல முடியணும். என் செயின்ல அந்தப் பின் ஸ்கேலைத் தாண்டி வெளிய எட்டிப் பாத்துது. ஸ்கேலைத் திருப்பி அந்த மிச்சத்தை அளந்தார். 1/8 அங்குலம்.

"நல்லாத்தான் தேஞ்சிருக்கு. ஆனா தேஞ்ச செயின் பல்லுல வழுக்கும்லே, இப்படி அறுக்காது. அறுத்தது நான் தட்டச் சொன்ன பின்னு."

அதுக்கப்புறம் ராத்திரி சாப்பாடு வரைக்கும் அவர் பேசல. என் கையைப் பாக்கறதும் திரும்பிக்கறதுமா இருந்தார். பொய் சொன்னது தப்போன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. அவரைக் காப்பாத்தறதா நினைச்சு, அவருக்குத் தெரிஞ்ச ஒரே வழியை, அதாவது என்ன கோளாறுன்னு பாத்துச் சரி பண்றதை, நாலு மாசம் அடைச்சு வச்சிருந்திருக்கேன்.

மறுநாள் காலையில ரெண்டு பேரும் எங்க ஏரியா சைக்கிள் கடைக்குப் போனோம். அங்க இருந்த மெக்கானிக் பையன் சேலத்துக்காரன். அப்பா செயினை மேசையில வச்சு, "நான் சொன்னதுல என்ன தப்பு தம்பி?"ன்னு நேராவே கேட்டார். அந்தப் பையன் பொறுமையா விளக்கினதையும், அப்புறம் நான் படிச்சதையும் சேர்த்து இங்க எழுதறேன்.

இப்ப இருக்கிற மாதிரி புஷ் ரோலர் செயினை மான்செஸ்டர்ல 1880ல உருவாக்கினவர் ஹான்ஸ் ரெனால்ட். அடிப்படையில இன்னைக்கும் அதே யோசனைதான்: ரெண்டு பட்டை, நடுவுல பின், பின்னைச் சுத்தி புஷ், புஷ் மேல உருள்ற ரோலர். அப்பா சைக்கிள் செயின் அந்த ஜாதி. பல்லு உக்கார்ற உள் இடைவெளி 1/8 அங்குலம், அதாவது 3.2 மில்லிமீட்டர். கெட்டிப் பட்டை, பின் நுனி ரெண்டு பக்கமும் நல்லா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கும். தட்டி எடுத்துத் தட்டி ஏத்தினாலும் ஒரு கியர் சைக்கிளுக்கு அது தாங்கும்.

பின்னாடி 9 பல்சக்கரம் அடுக்கி வச்ச சைக்கிள்ல அவ்வளவு இடம் கிடையாது. உள் இடைவெளி 2.2 மில்லி பக்கம்தான், மொத்த அகலமே 6.6 மில்லி. பட்டைக்கு வெளிய பின் நீட்டிக்கிட்டு இருந்தா பக்கத்துப் பல்சக்கரத்துல உரசும். அதனால பின்னை அமுக்கி, நுனியை விரிச்சு, பட்டையோட கிட்டத்தட்ட ஒட்ட வச்சிருப்பாங்க. அதை வெளிய தள்ளும்போதே அந்த விரிஞ்ச நுனி, பட்டையில இருக்கிற ஓட்டையைக் கிழிச்சுக்கிட்டுத்தான் வரும். திரும்ப ஏத்தினா பிடிப்பு பாதிகூட இருக்காது. அதோட கியர் மாத்தறப்போ செயின் பக்கவாட்டுல வளையும், மேட்டுல எழுந்து நின்னு மிதிச்சா முழு பலமும் அதுமேல வரும். பலவீனமான கண்ணி அங்கதான் கழண்டுக்கும்.

இதெல்லாம் கேட்டுட்டு அப்பா, "அப்ப கழட்டணும்னா?"ன்னார். அந்தப் பையன் ரெண்டு சின்னத் துண்டை எடுத்துக் கையில கொடுத்தான். குயிக் லிங்க். ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு, இழுத்தா பூட்டிக்கும். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் கேட்டார், "இதுல மீன் எங்க தம்பி?" அவனுக்குப் புரியல. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, தொண்டையும் அடைச்சுது.

சரி, தேய்மானத்துக்கு வருவோம், ஏன்னா அதுதான் தினமும் நடக்கிறது. செயின் 'நீண்டு போச்சு'ன்னு சொல்றோமே, பட்டை இழுபட்டு நீள்றது இல்ல. பின்னும் அது உரசற ஓட்டையும் தேயுது. என் செயின்ல நூத்துக்கு மேல பின் இருக்கு. ஒவ்வொண்ணும் முடி அளவு தேஞ்சாலும் எல்லாம் சேர்ந்து நீளமாத் தெரியும். தேய்க்கிறது எண்ணெயோட சேர்ந்த தூசி. "வால்வுக்கு லேப்பிங் பேஸ்ட் போட்டுத் தேய்ப்போமே, அதேதான்"னு அப்பா ஒரே வரியில முடிச்சிட்டார். செம்மண், சிமெண்ட், அதுக்கு மேல நான் பாசமா ஊத்தின எண்ணெய். எண்ணெய் வெளிய வழிஞ்சு நிக்கிற அளவுக்கு ஊத்தினா தூசியை விருந்துக்குக் கூப்பிடறோம்னு அர்த்தம்.

அப்போ 1978 செயின் அவ்வளவு வருஷம் ஓடினது எப்படி? அப்பா இதுவரைக்கும் மூணே தடவைதான் செயின் மாத்தியிருக்கார். "அந்தக் காலத்துச் சரக்கு"ன்னு நானும் நினைச்சேன். ஹெர்குலிஸ் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ்ல தயாரானது, 1949ல தொடங்கின கம்பெனி. அம்பத்தூர், கோயம்புத்தூர்னு செயின் செய்யறதுக்கே பேர் போன ஊருங்க நம்மகிட்ட உண்டு. சரக்கு நல்ல சரக்குதான். ஆனா முக்கியமான காரணம் அந்த அசிங்கமான கவர். தூசியும் மழையும் செயினைத் தொடவே இல்ல. கியர் இல்லாததால முன்னாலயும் பின்னாலயும் ஒரே நேர்கோடு, செயின் சாயவே சாயாது. அதுக்கு மேல மாசம் ஒரு குளியல். என் சைக்கிள்ல செயின் திறந்து கிடக்குது, முன்னால பெரிய பல்சக்கரம் பின்னால பெரிய பல்சக்கரம்னு கோணலாப் போட்டு மிதிக்கிறேன், சேத்துல இறங்கறேன், எட்டு மாசம் துடைக்கவே இல்ல.

அன்னிக்குக் கடையில புதுச் செயின் போட்டு ஓட்டிப் பாத்தா, மிதிச்சாலே 'டக் டக்'னு தாவுது. தேஞ்ச செயின் பின்னாடி இருந்த பல்லுங்களையும் தன் அளவுக்குத் தேச்சு வச்சிருக்கு, புதுசு அதுல உக்காரல. அதனால பின் பல்சக்கர அடுக்கையும் மாத்த வேண்டியதாப் போச்சு. செயின் விலை ஆயிரம் ரூபாய்கிட்ட, அது ரெண்டாயிரம். நேரத்துக்குச் செயினை மட்டும் மாத்தியிருந்தா அந்த ரெண்டாயிரம் மிச்சம்.

ஊருக்குக் கிளம்பற அன்னிக்கு அப்பா ஸ்கேலை ஷூ ஸ்டாண்ட் மேல விட்டுட்டுப் போயிட்டார். ஸ்டேஷன்ல இருந்து போன் பண்ணி, "ஸ்கேலை மறந்துட்டீங்கப்பா"ன்னேன்.

"இருக்கட்டும். எனக்கு எதுக்கு? நீ மாசா மாசம் அளந்து சொல்லு."

2022 ஜனவரியில இருந்து ஒரு நோட்டுல எழுதிட்டு வரேன். மொத செயின் சுமார் 2,500 கிலோமீட்டர்ல 1/8 அங்குலம் தேஞ்சு, பல்சக்கரத்தையும் கெடுத்துச்சு. ரெண்டாவது, அதே ரோடு, அதே ஆளு, 3,800 கிலோமீட்டர் ஓடினதுக்கப்புறம்தான் 1/16ஐத் தொட்டுது. உடனே மாத்திட்டேன், பல்சக்கரம் பிழைச்சுது. பெருசா எதுவும் பண்ணல. ஓட்டிட்டு வந்ததும் பழைய பனியன் துணியால ஒரு துடை. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா ஒவ்வொரு ரோலர்லயும் ஒரு சொட்டு செயின் எண்ணெய், பத்து நிமிஷம் கழிச்சு வெளிய நிக்கிற எண்ணெயைத் துடைச்சிடறது. சேத்துல இறங்கின நாள்ல மட்டும் குயிக் லிங்க்கைக் கழட்டி டீசல் குளியல். பாட்டிலைக் குலுக்கறது இப்போ என் பொண்ணு.

அப்பாவுக்கு முழங்கால் வலி வந்து போன வருஷம் சைக்கிளை நிறுத்திட்டார். ஹெர்குலிஸ் திண்ணையில சாய்ஞ்சு நிக்குது, கவரோட. ஆனா மாசம் மொத ஞாயித்துக்கிழமை காலையில போன் வரும். சாப்பாட்டைப் பத்திக் கேக்கறது எல்லாம் அப்புறம்தான்.

"அளந்தியாலே?"

"அளந்தேன்ப்பா. 12க்கு மேல அரைக்கோடு."

"இன்னும் ஓடும். துடைச்சியா?"

போன ஞாயித்துக்கிழமை 1/16 வந்துடுச்சுன்னு சொன்னேன். வீடியோவைப் போடச் சொல்லி, புதுச் செயினை மாட்டற வரைக்கும் பாத்துட்டே இருந்தார். குயிக் லிங்க்கைப் பூட்டறப்போ, "இதுக்குத் தலை வாலு கிடையாதுல்ல?"ன்னு கேட்டார். இதுக்குக் கிடையாதுப்பா, சிலதுல அம்புக்குறி போட்டிருக்கும், அது ஓடுற திசையைப் பாக்கணும்னு சொன்னேன். "அப்ப அதுதான் மீனு"ன்னு சொல்லிட்டு அம்மாகிட்ட போனைக் கொடுத்துட்டார்.

பின்குறிப்பு: உங்க சைக்கிளோ பசங்க சைக்கிளோ, ஒரு அடி ஸ்கேல் இருந்தா இன்னைக்கே அளந்து பாருங்க. 24 கண்ணி 12 அங்குலத்துல முடிஞ்சா நிம்மதி. 1/16 தாண்டினா புதுச் செயினுக்குச் சொல்லி வைங்க. 1/8னா பல்சக்கரத்துக்கும் சேர்த்துக் காசு எடுத்து வைங்க. 9 பல்சக்கரம் வரைக்கும் பெரும்பாலான குயிக் லிங்க்கைக் கழட்டித் திரும்ப மாட்டலாம். அதுக்கு மேல 10, 11, 12ன்னா பல கம்பெனிங்க ஒரு தடவைதான்னு சொல்றாங்க, கவர்ல எழுதியிருக்கிறதைப் படிச்சிடுங்க. குளிர் தேசத்துல இருக்கிறவங்களுக்குத் தூசிக்குப் பதிலா ரோட்டுல போடற உப்பு வில்லன், ஓட்டிட்டு வந்ததும் துடைக்காம விட்டா துரு பிடிச்சிடும். எந்த ஊரா இருந்தாலும், பின்னை மட்டும் தட்டி ஏத்தாதீங்க. அப்பா சொல்லச் சொன்னார்.